மாடல் விமானத்தின் பாகங்கள் ஏன் பொருந்துவதில்லை? ‘பொருத்தம்’ என்பதைக் கணக்காக்கிய ஜோசப் விட்வொர்த்தின் கதை

ஆன்லைனில் ஆர்டர் போட்ட 1:72 ஸ்பிட்ஃபயர் கிட் வந்துவிட்டது. பெட்டி மேல் இருக்கும் படம் அட்டகாசம். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்களை வெட்டி எடுத்து, உடலின் இடது பாதியையும் வலது பாதியையும் சேர்த்துப் பிடித்தால், மூக்குப் பக்கம் சேர்கிறது, வால் பக்கம் திறந்துகொள்கிறது. இறக்கையை வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் இடைவெளி.

அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. 1:72 அளவில் அது நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். ரெண்டு விரல் நுழைகிற சந்து!

இது ஏன் நடக்கிறது? உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தித்தான் இந்தப் பாகங்களைச் செய்கிறார்கள். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அச்சு செய்பவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தடிமனான இடம் ஒரு மாதிரி, மெல்லிய இடம் வேறு மாதிரி ஆறும். அதனால் பாகம் வளையும். அச்சு பழசானால் ஓரங்கள் தேயும். சூடு ஆறுவதற்குள் வெளியே எடுத்தாலும் கோணிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. தனித்தனியாகச் செய்த ரெண்டு பொருள்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்த என்ன செய்ய வேண்டும்? வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த். அவர் காலத்தில் விமானமே கிடையாது. ஆனாலும் நிஜ ஸ்பிட்ஃபயரின் எஞ்சினில் அவர் வகுத்த அளவுதான் ஓடியது. அது எப்படி? பார்க்கலாம்.

ஒவ்வொரு போல்ட்டும் தனிப்பிறவி

விட்வொர்த் பிறந்தது 1803 டிசம்பர் 21. ஊர், மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட். நீராவி எஞ்சின் வந்து, பருத்தி ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம்.

இயந்திரங்கள் வந்துவிட்டனவே தவிர, பொது அளவு என்று ஒன்று வரவில்லை. ஒரு பட்டறையில் செய்த போல்ட்டில் இன்னொரு பட்டறையின் நட் ஏறாது. சில நேரம் அதே பட்டறையில் பக்கத்து மேசையில் செய்த நட்கூட ஏறாது. ஒரு மெஷினைப் பிரித்தால் எந்த நட் எந்த போல்ட்டுடையது என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். ஒன்று தொலைந்தால், அதை மட்டும் கையால் புதிதாகச் செய்ய வேண்டும். அரத்தால் ராவி ராவிப் பொருத்துபவரின் கைத்திறமைதான் அன்றைய பொறியியல். ‘ஃபிட்டர்’ என்ற வேலைப் பெயரே அப்படி வந்ததுதான்.

ஆலையை விட்டு ஓடிய பையன்

அப்பா சார்லஸ் பள்ளி ஆசிரியர், பின்னாளில் மதபோதகர். அம்மா ஜோசப் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்பம் சிதறியது. 14 வயதில் டெர்பிஷையரில் இருந்த மாமாவின் பருத்தி ஆலைக்கு வேலை பழக அனுப்பப்பட்டார். ஆலையை நடத்தும் முதலாளியாக வருவார் என்பது குடும்பத்தின் கணக்கு.

பையனுக்கோ பஞ்சிலும் நூலிலும் மனம் ஒட்டவில்லை. கண்ணெல்லாம் மெஷின்கள் மேல். அவை ஓடும் விதத்தையும், எவ்வளவு மட்டமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதையும் கவனித்துக்கொண்டே இருந்தார். சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மான்செஸ்டருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே சாதாரண மெக்கானிக் வேலை.

1825-ல் ஃபேனி ஆங்கர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு லண்டனுக்குப் போனார். அங்கே ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் இடம் கிடைத்தது. இங்கிலாந்திலேயே துல்லியத்துக்குப் பேர்போன இடம் அது. பிறகு ஜோசப் கிளெமென்ட்டின் பட்டறை. கணினியின் முன்னோடி என்று இன்று நாம் பேசும் சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரத்துக்கு அங்கேதான் பாகங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஒரு இளைஞர் வேலை கற்க இதைவிட நல்ல இடம் அன்று உலகில் இருந்திருக்காது.

மூன்று தட்டுகளின் ரகசியம்

துல்லியத்துக்கு முதல் தேவை, சமதளம். மேடு பள்ளம் இல்லாத ஒரு உலோகத் தட்டு. அது இருந்தால்தான் அதை வைத்து மற்றதை அளக்க முடியும். ஆனால் முதல் தட்டு சமமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

ரெண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் ஒரு கட்டத்தில் அவை அழகாகப் பொருந்தும். ஆனால் அங்கேதான் சிக்கல். ஒரு தட்டு லேசாகக் குழிந்தும், மற்றது அதே அளவு புடைத்தும் இருந்தால்கூட ரெண்டும் கச்சிதமாகப் பொருந்தும். கிண்ணத்துக்குள் கிண்ணம் உட்காருவதுபோல. பொருத்தம் இருக்கிறது, சமதளம் இல்லை!

இதற்குத் தீர்வு மூன்றாவது தட்டு. முதலாவதும் இரண்டாவதும் பொருந்த வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்த வேண்டும். மூன்றாவதும் முதலாவதும் பொருந்த வேண்டும். குழிந்த தட்டோடு சேரும் ரெண்டு தட்டுகளுமே புடைத்திருக்கும். அவை ரெண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் சேராது, குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்றும் எல்லா விதத்திலும் பொருந்தினால் ஒரே ஒரு விடைதான்: மூன்றுமே சமம்.

இந்த வேலைக்கு அதுவரை அரைப்புப் பொடி போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். பொடி எங்கே எவ்வளவு தேய்க்கும் என்பது நம் கையில் இல்லை. விட்வொர்த் அதை மாற்றினார். தட்டில் மெல்லிசாகச் சாயம் பூசி இன்னொன்றோடு உரசுவார். எங்கே சாயம் ஒட்டுகிறதோ அது மேடு. கூரான உளியால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுவார். மறுபடி சாயம், மறுபடி உரசல், மறுபடி சுரண்டல். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே மட்டும் எடுக்கலாம். 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இதை விளக்கினார். இன்றும் உயர்தர இயந்திரங்களின் தளங்களை இப்படிச் சுரண்டித்தான் முடிக்கிறார்கள்.

மரைக்கு ஒரு சட்டம்

1833-ல் மான்செஸ்டர் திரும்பி, சோர்ல்டன் தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். லேத், துளையிடும் இயந்திரம், இழைப்பு இயந்திரம் என்று விற்பனை சூடுபிடித்தது. ஆனால் மனதை உறுத்திக்கொண்டிருந்தது அந்த நட்-போல்ட் விவகாரம்.

அவர் செய்தது எளிமையானது. பல பட்டறைகளிலிருந்து போல்ட்களைச் சேகரித்தார். யார் எந்த அளவில் மரை வெட்டுகிறார்கள் என்று ஒப்பிட்டார். அதிலிருந்து சராசரி எடுத்து ஒரு அட்டவணை தயாரித்தார். மரையின் கோணம் எப்போதும் 55 டிகிரி. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை. அரை அங்குலத்துக்கு 12. ஒரு அங்குலத்துக்கு 8. அவ்வளவுதான்.

1841-ல் சிவில் பொறியாளர்கள் சங்கத்தில் இதை வைத்தார். யாரையும் கட்டாயப்படுத்தச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ரயில்வே கம்பெனிகளுக்கு உடனே லாபம் புரிந்தது. ஒரு ஊரில் கழன்ற நட்டுக்கு அடுத்த ஊரில் மாற்று கிடைக்கும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கொஞ்ச வருடங்களில் நாடு முழுக்கப் பரவியது. உலகில் ஒரு நாடு முழுக்க ஏற்றுக்கொண்ட முதல் மரைத் தரம் இதுதான்.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு

அடுத்து அளவு. ஒரு அங்குலத்தைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடக் காட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத காலத்தில் எப்படி முடிந்தது?

ஒரு அங்குலத்துக்கு 20 மரை உள்ள திருகு. அதைச் சுழற்றும் சக்கரத்தில் 200 பற்கள். அந்தச் சக்கரத்தை நகர்த்தும் இன்னொரு சக்கரத்தில் 250 கோடுகள். பெருக்கிப் பாருங்கள்: 20 × 200 × 250 = 10,00,000. கடைசிச் சக்கரத்தை ஒரு கோடு நகர்த்தினால், முனை ஒரு அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகரும். அளக்கும் பொருளுக்கும் முனைக்கும் நடுவே ஒரு சின்ன உலோகத் துண்டு நிற்கும். பிடி துளி தளர்ந்தாலும் அது கீழே சரியும். கண்ணை நம்ப வேண்டாம், தொடுகையை நம்பு என்பதுதான் விட்வொர்த்தின் வழி.

1851-ல் லண்டன் ஸ்படிக மாளிகையில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் பரிசுகளை அள்ளின. உலகின் முதல் வரிசை இயந்திரக் கருவித் தயாரிப்பாளர் என்ற பெயர் நிலைத்தது. 1853-ல் அரசு சார்பில் அமெரிக்கா போய் அங்குள்ள தொழிற்சாலைகளையும் பார்த்து வந்து அறிக்கை கொடுத்தார்.

90 நாளில் 90 எஞ்சின்

இதெல்லாம் வெறும் பட்டறைப் பேச்சு என்று நினைத்தவர்களுக்குப் பதில் கிரிமியப் போரில் கிடைத்தது. 1850-களின் நடுவில் பிரிட்டிஷ் கடற்படைக்கு அவசரமாக பீரங்கிப் படகுகள் வேண்டியிருந்தன. சுமார் 90 எஞ்சின்கள், அதுவும் சில மாதங்களுக்குள். எந்தத் தனிப் பட்டறையாலும் முடியாத வேலை.

கிரீன்விச்சைச் சேர்ந்த எஞ்சின் தயாரிப்பாளர் ஜான் பென் ஒரு வழி கண்டார். மாதிரிக்கு எஞ்சின் செய்து, அதைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு பட்டறைக்கு அனுப்பினார். எல்லோரும் விட்வொர்த் அளவில் செய்ய வேண்டும். பாகங்கள் வந்து சேர்ந்தன, மாட்டினார்கள், பொருந்தின. 90 நாளில் 90 எஞ்சின் தயார் என்பது பொறியியல் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் கதை.

ரொம்ப இறுக்கமும் தப்பு

விட்வொர்த்தின் எல்லா முயற்சியும் ஜெயிக்கவில்லை. ராணுவம் நல்ல துப்பாக்கி கேட்டது. அவர் குழாயின் உட்புறத்தை அறுகோணமாக்கி, குண்டு துல்லியமாக ஒட்டிப் போகும்படி ஒரு ரைஃபிள் செய்தார். 1857 சோதனையில் அன்றைய என்ஃபீல்டு ரைஃபிளைத் தூக்கிச் சாப்பிட்டது. 1860-ல் விம்பிள்டனில் நடந்த போட்டியை விக்டோரியா மகாராணி இந்த ரைஃபிளின் விசையை இழுத்துத்தான் தொடங்கிவைத்தார். 400 கஜ தூரம், குண்டு இலக்கின் நடுவில்.

ஆனால் ராணுவம் வாங்கவில்லை. விலை அதிகம். அதைவிட முக்கியம், அன்றைய கறுப்பு வெடிமருந்து குழாய்க்குள் கரி படியவிடும். குழாய் குறுகலாகவும் பொருத்தம் நெருக்கமாகவும் இருந்ததால், சில தடவை சுட்டதும் அடுத்த குண்டை உள்ளே தள்ளுவது கஷ்டமானது. துல்லியம் இருந்தது, கரிக்கு இடம் விடவில்லை. பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிபார்த்துச் சுடுபவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 1864-ல் வடக்கின் தளபதி ஜான் செட்விக் இறந்தது இந்த ரைஃபிளால்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பொருத்தத்தின் கணக்கு சாவிலும் போய் நிற்கும் என்பது இவர் வாழ்க்கையின் கசப்பான பக்கம்.

55-க்கும் 60-க்கும் நடுவே ஒரு போர்

அதே 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு மரைத் தரத்தை முன்வைத்தார். கோணம் 60 டிகிரி. விட்வொர்த்தின் மரையில் உச்சியும் அடியும் உருண்டையாக இருக்கும், வெட்டுவது சிரமம். செல்லர்ஸ் அதைத் தட்டையாக்கினார், சாதாரணத் தொழிலாளியும் வெட்டலாம். அமெரிக்கா அந்தப் பக்கம் போனது. அரை அங்குல போல்ட்டில் பிரிட்டனுக்கு 12 மரை, அமெரிக்காவுக்கு 13. ஆக, ரெண்டு தரங்கள். தரமே இல்லாததுபோலத்தான்.

இதன் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ஸ்பிட்ஃபயருக்கு உயிர்நாடி ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதை அமெரிக்காவில் பேக்கார்டு கார் கம்பெனியிடம் செய்யக் கொடுத்தார்கள். பேக்கார்டு அமெரிக்க மரையில் செய்தால் பிரிட்டனில் ரிப்பேருக்குப் பாகம் பொருந்தாது. அதனால் பேக்கார்டு தன் பழக்கத்தை விட்டு, பிரிட்டிஷ் மரைகளையே வெட்டக் கற்றுக்கொண்டது, அதற்கான கருவிகளையும் செய்துகொண்டது. போர் முடிவதற்குள் 55,000-க்கும் மேற்பட்ட மெர்லின்கள் அங்கே தயாராகின. ஸ்பிட்ஃபயர் 16-ம் ரகத்திலும், அமெரிக்க மஸ்டாங்கிலும் ஓடியவை இவைதான்.

போர் முடிந்த பிறகு, 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து பொதுத் தரம் ஒன்றை ஒப்புக்கொண்டன. கோணம் 60 டிகிரி. ஒரு நூற்றாண்டு தாண்டி, விட்வொர்த்தின் எண் தோற்றது. எல்லோருக்கும் ஒரே அளவு என்ற அவருடைய யோசனை ஜெயித்தது.

கடைசி வருடங்கள்

1868-ல் இளம் பொறியாளர்களுக்காக, ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். பட்டறை வேலையும் தெரிய வேண்டும், படிப்பும் வேண்டும் என்பது நிபந்தனை. விட்வொர்த் உதவித்தொகை இன்றும் உண்டு. 1869-ல் பேரனெட் பட்டம் கிடைத்தது. 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் காலமானார். குழந்தைகள் இல்லை. சொத்தின் பெரும்பகுதி பொதுக் காரியங்களுக்குப் போனது. மான்செஸ்டரில் இருக்கும் விட்வொர்த் கலைக்கூடமும், கிறிஸ்டி புற்றுநோய் மருத்துவமனையும் அந்தப் பணத்தில் தொடங்கியவை.

அவருடைய கம்பெனி 1897-ல், வாழ்நாள் போட்டியாளரான வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் கம்பெனியோடு இணைந்தது. ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் என்ற அந்தப் பெயரில்தான் பிறகு ‘விட்லி’ குண்டுவீச்சு விமானம் பறந்தது. அது மாடல் கிட்டாகவும் வந்திருக்கிறது.

உங்கள் மேசைக்கு விட்வொர்த் சொல்வது என்ன?

பொருந்தாத கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அவர் வழியை அப்படியே கடைப்பிடிக்கலாம்.

* பசைக்கு முன் ஒத்திகை. பாகங்களைப் பசை இல்லாமல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். உடலின் ரெண்டு பாதிகள் சேர்ந்தால் மட்டும் போதாது. விமானி அறையை உள்ளே வைத்து, இறக்கையையும் மாட்டிப் பாருங்கள். ரெண்டு பாகம் மறைக்கிற தப்பை மூன்றாவது காட்டிக்கொடுக்கும்.

* மேட்டைக் கண்டுபிடியுங்கள். சேரும் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் தடவி, ஈரம் காய்வதற்குள் எதிர்ப் பாகத்தோடு உரசுங்கள். மை ஒட்டும் இடம்தான் இடிக்கிறது. பெரும்பாலும் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் நிற்கும் குருத்து, ஓரத்தில் பிதுங்கிய பிசிறு, அல்லது அளவுக்கு மீறி அகலமான விமானி அறைதான் காரணமாக இருக்கும்.

* அங்கே மட்டும் சுரண்டுங்கள். கத்தியின் விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் வைத்துப் பாருங்கள். முழு ஓரத்தையும் சமமாக்க வேண்டுமானால், கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் பாகத்தைத் தேயுங்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும்.

* கரிக்கு இடம் விடுங்கள். உங்கள் கரி, பெயின்ட். நெருக்கமாகப் பொருந்தும் பாகத்தில் பெயின்ட் அடித்தால் அதன் தடிமனே இடைவெளியை உண்டாக்கும். பசையும் பெயின்ட்டின்மேல் சரியாகப் பிடிக்காது. சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

* பட்டி பார்ப்பது கடைசியில். இறக்கை சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால், முதலில் உடலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் குறுக்கே கொடுத்து லேசாக விரித்துப் பாருங்கள். அப்புறமும் சந்து இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சொருகி ஒட்டுங்கள். முடியாத மிச்சத்துக்கு மட்டும் பட்டி. மொத்தமாகப் பட்டியை அப்பித் தேய்த்தால் இடைவெளியோடு சேர்ந்து விமானத்தின் நுணுக்கமான கோடுகளும் போய்விடும்.

அடுத்த தடவை ஹார்டுவேர் கடையில் கால் அங்குல போல்ட்டும் நட்டும் வாங்கும்போது கவனியுங்கள். ரெண்டையும் வேறு வேறு டப்பாவிலிருந்து எடுத்துத் தருவார் கடைக்காரர். பொருந்துமா என்று நீங்களும் கேட்கமாட்டீர்கள், அவரும் பார்க்கமாட்டார். அந்தக் கேள்வியே நமக்கு மறந்துபோனதுதான் விட்வொர்த்தின் வெற்றி.